வால்பாறையில் பனி இல்லை

ஜனவரி 19, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. ஒரு கீறல் இல்லை, ஒரு உரசல் இல்லை. தேனியில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பியவர்கள் பழநி, உடுமலை, ஆழியாறு என்று வந்து, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, வால்பாறை டவுனையும் தாண்டி, தேயிலை எஸ்டேட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கிற ஒரு மண் ரோட்டின் கடைசியில் இந்த ஓட்டலைப் பிடித்தோம். வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களாவாம். இப்போது ரூம் ரூமாகத் தடுத்து ஓட்டல் ஆக்கியிருக்கிறார்கள். இறங்கியதும் கார் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மரகதம், “முட்டி வலியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மரகதம் என் மனைவி. அதை எழுதத் தேவையில்லைதான். ஆனால் இது ஊர் சுற்றப் போகிற டைரி, பின்னால் பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்று வாங்கியது. அதனால் முறையாக எழுதுகிறேன். நான் சௌந்தரபாண்டி, அரசு பஸ்ஸில் டிரைவர். தேனி – குமுளி மலைப்பாதையில் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை. விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கலெக்டர் கையால் வாங்கிய சான்றிதழ் வீட்டு ஹாலில் தொங்குகிறது. மரகதம் அதே வண்டியில் கண்டக்டர். அவள் அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்ததால் வாரிசு வேலையாக வந்தவள். அவள் விசில் கொடுக்காமல் நான் வண்டியை எடுத்ததில்லை. முதலில் ரோட்டில், அப்புறம் வீட்டிலும்.

வழி முழுக்க அவள் வாய் மூடவில்லை. “எதிர்ல லாரி. இடது பக்கம் ஒடுங்கிக்கங்க. முன்னாடி ஸ்கூட்டர்காரன். அடுத்தது வலது வளைவு, ஹாரன் குடுங்க. ரைட், போலாம்.” காரில் ஏறினாலும் பஸ்ஸில் ஏறிய நினைப்புதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மலை முழுக்கப் பனி. எதிரே வருகிற வண்டி விளக்கு கண்ணாடியில் பால் ஊற்றினாற்போலப் பரவிவிடுகிறது. அவளிடம் சொன்னேன். “பனியா?” என்று என்னைப் பார்த்தாள். பிறகு, “ஆமா, லேசா இருக்கு” என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேனேஜர் சேவியர் ஒரு மெனு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தெல்லாம் எறும்பு எறும்பாக. கண்ணாடி போடாமலே படித்துச் சொன்னேன். போன வருஷம் வரைக்கும் படிக்கிற கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது. இப்போது அது அலமாரியில் கிடக்கிறது. வயது ஏற ஏற எல்லாருக்கும் கண் மங்கும், எனக்குத் துலங்கிக்கொண்டு வருகிறது. இதைச் சொன்னதும் சேவியர், “உங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கு சார்” என்றார். மரகதம் குனிந்து ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

ஜனவரி 20, திங்கள்

நல்ல குளிர். வெந்நீருக்கு விறகு அடுப்பு. அந்தப் புகை வாசத்தோடு குளிப்பது ஒரு சுகம்தான்.

காலையில் ஓட்டலின் முன்பக்கத்து மேட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கீழே அணை, அதைச் சுற்றி மலை, இதைப் பார்க்கத்தான் கேரளாவிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். எனக்கு என்னமோ வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. “பனி விலகினப்புறம் பாக்கலாம்” என்றேன். காபி கொண்டுவந்த சேவியர், “பனியா? இன்னைக்கு வானம் கண்ணாடி மாதிரி இருக்கே சார். அணைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டு ஆளுங்க லைன் வீடுகூடத் தெரியுதே” என்று ஆரம்பித்தார். மரகதம் குறுக்கே புகுந்து, “காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேணும் தம்பி” என்றாள். இவள் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவள்.

சற்று நேரத்தில், “ஏங்க, இருவாச்சி, இருவாச்சி, ஜோடியாப் போகுது பாருங்க” என்று என் தோளைத் தட்டினாள். ரயில் இன்ஜின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுகிற மாதிரி றெக்கைச் சத்தம். சத்தம் போகிற பக்கம் முகத்தைத் திருப்பித் தலையை ஆட்டினேன். “மூக்கு எம்புட்டுப் பெருசு பாத்தீங்களா?” என்றாள். பெரிசுதான் என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

“கோயமுத்தூருக்கு இறங்கும்போது ஒரு ஆக்டிங் டிரைவரைப் போட்டுக்குவமா? நீங்களும் ஒரு நாளாச்சும் மலையைப் பாத்துட்டு வரலாம்ல.”

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. இங்கிருந்து மகள் இளவேணி வீட்டுக்குக் கோயமுத்தூர் போய், இரண்டு நாள் இருந்து, அப்புறம் குருவாயூர் என்று நான் ஏற்கெனவே ரூட் போட்டாயிற்று. டிரைவர் வீட்டுக்கே டிரைவரா? நாளைக்குச் சமையலுக்கு ஆள் வைத்து உன்னை உட்கார வைக்கட்டுமா என்று கேட்டேன். “வையுங்களேன், யாரு வேணாங்கிறா” என்றாள். அது வேறு எரிச்சல்.

“நான் செத்ததுக்கப்புறம் போட்டுக்க” என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் வந்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சாயங்காலம் வரை இரண்டு பேரும் பேசவில்லை. சூடாக வெங்காய பஜ்ஜி வந்தது, அதற்கப்புறம் பேசினோம்.

நாளைக்குக் காலையில் நானே தனியாக டவுன் வரைக்கும் போய்ப் பேப்பர் வாங்கி வரப்போகிறேன். வாய் ஓயாத கண்டக்டர் இல்லாமல் ஒரு டிரிப். அப்போது தெரியும் இவளுக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

டவுனுக்குப் போனேன். பேப்பர் கிடைக்கவில்லை. தலைவலி.

சாயங்காலம்:

மரகதம் காரின் வைப்பரில் சிக்கியிருந்த தேயிலைக் கொழுந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். காற்றில் வந்து விழுந்திருக்கும் என்றேன். “இம்புட்டு இலையா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு ஈரத்துணியால் பானட்டைத் துடைத்தாள். நான் துடைக்கிறேன் என்றதற்கு, நீங்க படுங்க என்றாள்.

இரவு இட்லி. இரண்டோடு எழுந்துவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

நேற்று எழுதியதில் முதல் வரி பொய். டவுன் வரைக்கும் நான் போகவே இல்லை.

நடந்ததை எழுதுகிறேன். எழுதினால்தான் மனசு இறங்கும்.

ஓட்டல் கேட்டைத் தாண்டி இரண்டு திருப்பம்கூட ஆகியிருக்காது. காலை வெயில் சவுக்கு மரங்களுக்கு இடையே புகுந்து நேரே முகத்தில் அடித்தது. அப்படி அடித்தால் எனக்கு இப்போதெல்லாம் ரோடு இருக்காது, வெறும் வெளிச்சம்தான் இருக்கும். பக்கத்துச் சீட்டில் குரல் இருந்தால் அது சொல்லும், நான் ஒடிப்பேன். நேற்று குரல் இல்லை. ரோடு நேராகத்தானே இருந்தது என்று ஞாபகத்தை வைத்துக்கொண்டு போனேன். பானட்டில் தட்டென்று ஒரு அடி. பிரேக்கை மிதித்தேன். ஒரு சாக்கு மூட்டை சரிந்து கண்ணாடி முழுக்கப் பச்சை இலை. அப்புறம்தான் தெரிந்தது, ரோட்டோரமாக எஸ்டேட்டுப் பெண்கள் கொழுந்து மூட்டைகளோடு வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போனவள் என் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு பானட்டைக் கையால் அறைந்திருந்தாள். ஒரு முழம் இடைவெளி இருந்திருந்தால் அதிகம்.

“யோவ் பெரியவரே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

நான் இறங்கக்கூட இல்லை. இறங்கி ஏதாவது கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மூட்டையை அள்ளிக்கொண்டு போகும் வரை ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ரிவர்ஸிலேயே உருட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காதவன் என்று ஞாயிற்றுக்கிழமை இதே டைரியில் எழுதியிருக்கிறேன்.

இன்று காலை மரகதம் நடக்கக் கூப்பிட்டாள். எங்கே என்று கேட்காமல் போனேன். தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி வந்தாள். குரலைக் கேட்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

“இந்தா வாறாருல்ல, நேத்து என் மேல காரை ஏத்த வந்த மகராசரு.”

மரகதம் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், “அடி பட்டுச்சாம்மா?” என்று கேட்டாள்.

“அடி படல. படாம இருந்தது என் புள்ளைக செஞ்ச புண்ணியம். இறங்கி ஒரு வார்த்தை கேக்கலியேக்கா. அதான் எனக்கு ஆத்தாமை.”

அவள் சொன்னது நியாயம். நான் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். வெயில் அடித்தது, பிரேக் பிடிக்கவில்லை, நீ நடு ரோட்டில் வந்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டீரிங் பிடித்தவனுக்கு இந்த மாதிரிச் சாக்குகள் ஆயிரம் தெரியும். ஆனால் வாயில் வேறு ஒன்று வந்தது.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா.”

சொல்லி முடித்ததும் தலையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது. பெண்டாட்டியிடம் சொல்லாததை, பெற்ற மகளிடம் சொல்லாததை, பேர் தெரியாத ஒருத்தியிடம் ரோட்டில் நின்று சொன்னேன்.

அவள் கோபம் அப்படியே தணிந்துவிட்டது. “அதைச் சொல்லக் கூடாதா ஐயா? தெரிஞ்சிருந்தா வாய்க்கு வந்தபடி பேசியிருக்க மாட்டேனே” என்றாள். பிறகு, “ஆனா இனிமே ஓட்டாதீக. எங்க பொழப்பே இந்த ரோட்டுலதான்” என்றாள். மாரிக்கனி என்று பெயராம். போகும்போது மரகதத்தின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து மேட்டில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தோம். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“எப்பருந்து தெரியும் உனக்கு?”

“போன தீபாவளிக்கு வேணி வீட்டுக்குப் போனப்ப, வேகத்தடையைப் பாக்காம ஏத்துனீங்களே, அப்பருந்து.”

“ஒரு வார்த்தை சொல்லல.”

“சொன்னா கேப்பீங்களா? டாக்டரப் பாக்கலாம்னா, பேப்பரைக் கண்ணாடி இல்லாமப் படிச்சுக் காட்டுவீங்க. பஸ்ஸுல போலாம்னா, என்னைய சந்தேகப்படுறியான்னு சண்டைக்கு வருவீங்க. நான் வரலன்னா தனியாக் கிளம்பிப் போவீங்க. அதுக்கு நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வர்றது மேலுன்னு வந்தேன்.”

அப்போதுதான் உறைத்தது. நான் வாய் ஓயவில்லை என்று எழுதினேனே, அந்த வாய்தான் இத்தனை நாளும் எனக்குக் கண்ணாக இருந்திருக்கிறது. கண்டக்டர் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் அவள் பின்பக்கத்தைத்தான் பார்த்துச் சொல்வாள். முன்பக்கத்தை ஒரு நாளும் சொன்னதில்லை. டிரைவரிடம் முன்பக்கத்தைச் சொல்கிற கண்டக்டர் உண்டா? இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் சரி.

இன்னொன்றும் சொன்னாள். வேணியிடம் பேசி, கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைக்குப் பெயர் பதிந்து வைத்திருக்கிறாளாம். இந்த வால்பாறைப் பயணமே அதற்குத்தானாம். “ஊரு சுத்தன்னாத்தான் கிளம்புவீங்க.” அம்மாவும் மகளும் சேர்ந்து எனக்கு ரூட் போட்டிருக்கிறார்கள். கோபம் வர வேண்டும். வரவில்லை.

நான் ஏன் டாக்டரிடம் போகவில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். அப்பாவுக்கு என் வயதில்தான் பார்வை போனது. கண்ணில் நீர் அழுத்தம், நரம்பு செத்துப்போயிற்று, இனி வராது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் கட்டிலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பொழுது விடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். டாக்டர் வாயால் கேட்கிற வரைக்கும் நான் டிரைவர். கேட்டுவிட்டால் நான் யார்? பயமாக இருந்தது. வேறொன்றும் இல்லை, வெறும் பயம்.

மரகதம் அணையைப் பார்த்துக்கொண்டே, “கண்ணு போனா நான் பாத்துச் சொல்றேன். ரோட்டுல எவளாவது போயிட்டா யாரு வந்து என்ன சொல்றது?” என்றாள்.

சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் உடனே எழுந்து போய்ச் சேவியரிடம் நாளைக்கு ஒரு டிரைவர் வேண்டும் என்று சொன்னாள். நான் மனம் மாறிவிடுவேன் என்று அவளுக்குப் பயம்.

மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். மீன் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கினேன். கண் அப்படியேதான் இருக்கிறது, அணை இன்னும் வெள்ளைத் துணிதான். ஆனாலும் இந்த மலைக்கு வந்த பிறகு இன்றைக்குத்தான் மூச்சு சீராக வருகிறது. மலையில் பனி இல்லையா என்று மரகதத்திடம் கேட்டேன். “நாம வந்ததுலருந்து பொட்டுப் பனி இல்ல” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனவரி 23, வியாழன்

கோயமுத்தூர், வேணி வீடு.

ஆக்டிங் டிரைவர் நவாஸ் என்று ஒரு நடுவயதுக்காரர். நன்றாகத்தான் ஓட்டினார். இறக்கத்தில் செகண்டு கியரில் விட வேண்டிய இடத்தில் மூன்றாவதிலேயே விட்டுப் பிரேக்கைச் சூடாக்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரி. வேறு எழுத மனம் ஓடவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

புரை. இரண்டு கண்ணிலும் புரை. அவ்வளவுதானாம்.

காலை முழுக்கச் சொட்டு மருந்து ஊற்றி உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு ரூமாக மாற்றி மாற்றி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்கள். என் பெயரைக் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கடைசியில் டாக்டரம்மா, “அழுத்தம் சரியா இருக்கு, நரம்பு நல்லா இருக்கு. உங்க அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வரல” என்றார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் எழுத்து மட்டும் கண்ணாடி இல்லாமல் துலக்கமாகத் தெரிகிறதே என்று கேட்டேன். “புரை முத்தும்போது சிலருக்கு அப்படி ஆகும். அதை வச்சுத்தான் பாதிப் பேரு ஆஸ்பத்திரிக்கு வராம ஏமாந்துபோறாங்க” என்றார். மரகதம் சீலிங்கைப் பார்த்தாள். அடுத்த வாரம் ஒரு கண், அப்புறம் ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு ஓட்டலாமா என்பதைச் சோதித்துச் சொல்வார்களாம். சொல்கிறபோது சொல்லட்டும்.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் மூன்று பேரும் டீ குடித்தோம். வேணி அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. மருந்து ஊற்றிய கண்தானே, யாருக்கும் தெரியவில்லை.

நேற்று எழுதாமல் விட்டதை இப்போது எழுத வேண்டும்.

ஓட்டலில் இருந்து கிளம்பும்போது நான் முன் சீட்டில் ஏறப்போனேன். பிறகு என்ன தோன்றியதோ, பின்னால் போய் மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் வேலையில்லாமல் போவது அதுதான் முதல் தடவை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வலது கால் சும்மா சும்மா பிரேக்கைத் தேடி மிதித்தது. இவளாவது மலையைப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன்.

டவுனைத் தாண்டவில்லை. தூங்கிவிட்டாள்.

வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டை வேறு. முதல் வளைவு வந்தது, எழவில்லை. எதிரே லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டுப் போனான், எழவில்லை. ஓரிடத்தில் நவாஸ் வண்டியை நிறுத்தி, “ஐயா, வரையாடு நிக்குது, அம்மாவை எழுப்பிக் காட்டுங்க” என்றார். கையை நீட்டினேன். அப்புறம் எழுப்ப மனம் வரவில்லை. போன தீபாவளியில் இருந்து இவள் என் பக்கத்துச் சீட்டில் எத்தனை முறை உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஒரு முறையாவது கண்ணை மூடியிருப்பாளா? நான் பயப்படவே இல்லை என்று காட்டிக்கொண்டு ஓட்டினேன். என் பயத்தையும் சேர்த்து இவள் உட்கார்ந்து பட்டிருக்கிறாள்.

வளைவுக்கு வளைவு தலை ஜன்னல் கண்ணாடியில் இடித்தது. என் கையைக் கண்ணாடிக்கும் அவள் தலைக்கும் நடுவே வைத்துக்கொண்டேன். “மெதுவாத் திருப்புங்க தம்பி” என்றேன். அதற்கப்புறம் அவர் மெதுவாகத்தான் திருப்பினார். கை மரத்துப்போய்விட்டது, எடுக்கவில்லை. நாற்பது வளைவும் அப்படியே இறங்கினோம்.

ஆழியாறு அணைப்பக்கம் வெயில் உறைத்தபோது திடுக்கிட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் கண் முன்னால் ரோட்டுக்குத்தான் போனது. பிறகு பதறிப்போய், “எங்க இருக்கோம்?” என்றாள்.

“கீழ வந்துட்டோம்” என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.